காலுக்கு வந்த பொன்

மகள் கல்யாணத்துக்கு நகை எடுத்த மாதத்தில் நான் இளைத்ததுபோல அவளைப் பெற்றபோதுகூட இளைக்கவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் எனக்கு வேலை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நல்லதைத் தனியாகவும் பூச்சி அரித்ததைத் தனியாகவும் பிரித்துப் போட வேண்டும். வருஷக்கணக்காகச் செய்கிறேன், சலித்ததில்லை. சுக்கு வாய் பேசாது. அதை ஏன் தள்ளினாய், இதை ஏன் எடுத்தாய் என்று கேட்காது. நகை அப்படியா? குண்டுமணி அளவு எடுத்தாலும் நாலு பேர் நாலு சொல் சொல்வார்கள். அந்த நாலு சொல்லையும் சுமந்துகொண்டு பஸ் ஏறி வீடு திரும்புகிறவள் நான்தான்.

எங்களுக்குத் தென்காசிப் பக்கம். என் மாமனார் காலத்திலேயே இங்கே நகராட்சி வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டுக்காரரும் அதே சுகாதாரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது டிவி முன்னால் முழுநேர வேலை பார்க்கிறார். நான் வாக்கப்பட்டு வந்தவள். மகள் இங்கேயே பிறந்தவள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், கோபம் வந்தால் மலையாளத்துக்குப் போய்விடுவாள். களமசேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. அதே இடத்தில் எக்ஸ்ரே எடுக்கிற பையனைப் பிடித்துப்போய்விட்டது. அக்கரை வைப்பின் தீவுக்காரன், மலையாளி, ஒரே பிள்ளை. தகப்பன் இல்லை. அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு அவனை ஆளாக்கியிருக்கிறார். இரண்டு வீட்டிலும் சண்டை இல்லை, சச்சரவு இல்லை, சரி என்று சொல்லிவிட்டோம். சரி என்று சொன்ன பிறகுதான் வேலையே ஆரம்பித்தது.

முதல் தலைவலி மோதிரம். இரண்டு பேரும் மோதிரம் மாற்றிக்கொள்ள வேண்டுமாம், அது பிளாட்டினத்தில்தான் வேண்டுமாம். பிராட்வே பக்கம் ஒரு பெரிய கடைக்கு என்னையும் அந்தப் பையனையும் கூட்டிப்போனாள். உள்ளே நுழைந்ததும் குளிர், சாயா, பிஸ்கட். விற்கிற பையன் கறுப்புத் துணியில் மூன்று மோதிரங்களை வைத்தான். மூன்றும் வெள்ளையாக இருந்தன. ஒன்று வெள்ளியாம், ஒன்று பிளாட்டினமாம், இன்னொன்று வெள்ளைத் தங்கமாம்.

"தங்கத்துக்கு அதோட நிறந்தானப்பா அழகு, அத ஏன் வெளுத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அம்மே, இது இப்போழத்தெ டிரெண்ட்" என்றான் அவன்.

பிளாட்டினத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. ஆனால் பார்வைக்கு வெள்ளி மாதிரியே இருந்துகொண்டு தங்கத்தைவிட அதிகம் அலட்டுகிற சாமானாகத்தான் எனக்குப் பட்டது. "ஆத்திர அவசரத்துக்கு இத அடகு வைக்க முடியுமா?" என்றேன். பையன் சிரித்து மழுப்பினான். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, கல்யாணத்துக்கு மோதிரம் எடுக்க வந்த இடத்துல அடகுக் கத பறயண்டா" என்று பல்லைக் கடித்தாள். பிறகு கூட வந்திருந்த எக்ஸ்ரே பையனே பொன்னே போதும் என்று சொல்லித் தீர்த்துவைத்தான். மாப்பிள்ளைமேல் எனக்கு முதல் மரியாதை வந்தது அங்கேதான். வெளியே வந்தபோது என் கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்து கிடந்தது.

தாலி விஷயம் சுலபமாக முடிந்தது. தாலி அவர்கள் எடுப்பது, மஞ்சள் கயிறு எங்களுடையது. எங்கள் வழக்கப்படி கயிற்றில் கட்டட்டும், அவர்கள் வழக்கப்படி பிறகு சங்கிலியில் கோத்துக்கொள்ளட்டும். சம்பந்தியம்மா போனிலேயே ஒத்துக்கொண்டார். அவர் சினிமா பார்த்துக் கற்ற தமிழையும் மலையாளத்தையும் பிசைந்து பேசுவார். நான் மலையாளத்தைத் தமிழில் தொட்டுப் பேசுவேன். அவர் என்னைச் சேச்சி என்பார், நான் அவரைச் சேச்சி என்பேன். யார் மூத்தவள் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வயதில் யார்தான் கேட்பார்கள்?

கடைசியில் போனை வைக்கப்போகும்போது நினைவு வந்து சொன்னேன். "சேச்சி, மெட்டி மட்டும் மாப்பிள்ள வீட்டுலதான் எடுக்கணும். அம்மி மிதிக்கும்போது உங்க மகன் என் மக கால்ல போட்டுவிடணும்."

"மெட்டின்னு பறஞ்ஞால் மிஞ்சியல்லே? மனசிலாயி. அது ஞான் நோக்கிக்கொள்ளாம்" என்றார். தானே பார்த்துக்கொள்வாராம்.

அவ்வளவுதான் பேச்சு. வெள்ளி என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லப்போகிறேன்? இட்லிக்கு உளுந்து ஊறப்போடச் சொல்லும்போது தண்ணீரில் ஊறப்போடு என்றா சொல்வோம்? மெட்டி என்றால் வெள்ளி. பொன்னை இடுப்புக்குக் கீழே போடமாட்டோம். பொன் மகாலட்சுமி. அவளைக் காலில் போட்டு மிதித்துவிட்டு வீடு விளங்க வேண்டும் என்றால் எப்படி விளங்கும்? எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைக்குக்கூடக் கொலுசு வெள்ளிதான். ஆனால் இந்த ஊரில் பொன்னில் பாதசரம் என்று கொலுசு போடுகிற பெண்கள் உண்டு. நானே பஸ்ஸில் எத்தனை தடவை பார்த்து உச்சுக்கொட்டியிருக்கிறேன். அது நினைவுக்கு வந்திருந்தால் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பேன். வரவில்லை.

கல்யாணம் நெருங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா கையில் பலாப்பழச் சுளையும் ஒரு சின்ன டப்பாவுமாக வந்தார். வந்ததும் வராததுமாக டப்பாவைத் திறந்தார். உள்ளே பஞ்சின்மேல் இரண்டு மெட்டி. மஞ்சள் மஞ்சளென்று, பொன்னில்.

"இதொன்னு நோக்கிக்கே சேச்சி. சாதாரண மிஞ்சின்னா வெள்ளி மதி. இது கல்யாண மிஞ்சியல்லே? என்டெ மோள்க்குப் பொன்னு தன்னே வேணம்."

சாதாரண மெட்டிக்கு வெள்ளி போதுமாம், கல்யாண மெட்டிக்குப் பொன்தானாம். பொன் வைக்கிற இடத்தில் பூவாவது வை என்பார்கள். இந்த அம்மா வெள்ளி வைக்கிற இடத்தில் பொன்னை வைத்துக்கொண்டு நிற்கிறார். முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி சிரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "நல்லா இருக்கு சேச்சி" என்று மென்று முழுங்கினேன். பலாச்சுளை ஒன்றை வாயில் போட்டேன்.

அவர் போன பிறகு வீட்டுக்காரரிடம் டப்பாவை நீட்டினேன். திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார்.

"என்ன செய்ய?" என்றேன்.

"ஏட்டி, சொல்லாமப் போட்டா உனக்குத் தூக்கம் வராது. சொன்னா அந்தம்மாவுக்குத் தூக்கம் வராது. எதுன்னு நீயே பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். வாழ்க்கை முழுக்க எனக்கு அவர் தந்த யோசனைகளெல்லாம் இந்த ரகம்தான்.

மகள் வேலை முடிந்து வந்ததும் அவளிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். "அம்மா, ஒரு உலோகம் காலுக்கு வந்தா என்ன, கைக்கு வந்தா என்ன? ரெண்டும் மண்ணுல இருந்து தோண்டுறதுதான்."

"தென்காசியில இருந்து உன் பெரியம்மா வருவா. பொண்ணு முகத்தப் பார்க்கறதுக்கு முந்தி கால் விரலத்தான் பார்ப்பா. அவளுக்கு நீயே மண்ணு கதையச் சொல்லு."

அதற்கும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அந்த அம்மாகிட்ட மட்டும் ஒண்ணும் பறயண்டா, கேட்டியா" என்றாள். ஏன் என்றேன். பையன் அவளிடம் சொன்னானாம். அந்த மெட்டி கடையில் வாங்கியதில்லையாம். அந்த அம்மா தன் தாலியை உருக்கிச் செய்ததாம். புருஷன் போன பிறகு கழற்றிப் பெட்டியில் வைத்திருந்த ஆலிலைத் தாலி. எத்தனையோ கஷ்டத்திலும் அதை மட்டும் கடைக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தாராம். "எனக்கு மகள் வரும்போது அவளுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

காலில் பொன் என்பதே பெரிய பாவம். அதிலும் தாலிப்பொன்! அதுவும் அறுத்த தாலி. எங்கள் பக்கம் அப்படிப்பட்ட பொன்னைக் கல்யாணப் பெண்ணின் பக்கத்தில்கூடக் கொண்டுவரமாட்டார்கள், கோயில் உண்டியலில் போடுவார்கள். பயமாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். என் மகளுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். அதே சமயம் அந்த அம்மா கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால், அவர் கையில் அது என்னவாக இருக்கும்? தாலியும் இல்லை, மெட்டியும் இல்லை. யாரும் வேண்டாம் என்று சொன்ன இரண்டு வளையம். முதல் நாளிலேயே மாமியார் மனதை ஒடித்துவிட்டு என் மகள் அந்த வீட்டுக்குள் எந்தக் காலை எடுத்துவைப்பாள்?

மறுநாள் கிடங்கில் எனக்கு வேலை ஓடவில்லை. நல்ல சுக்கைக் கழிவில் போட்டு மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினேன். சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வழியில் பஜாரில் இருக்கிற வெள்ளிக்கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் எனக்கு முந்தியே பழக்கம். என் மெட்டி தேய்ந்து கம்பியாகி, வீங்கிய விரலில் ஏறி அறுத்தபோது அவர்தான் வெட்டி எடுத்து வேறு போட்டுக்கொடுத்தார். கடனே என்று விஷயத்தை ஒப்பித்தேன். பெயரெல்லாம் சொல்லவில்லை, தெரிந்தவர் வீட்டுக் கதை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் நம்பியது மாதிரி தலையாட்டினார்.

"ஒண்ணு செய்யலாம். அதே அளவுக்கு வெள்ளியில மெட்டி செஞ்சு, மேல பொன் முலாம் பூசித் தாரேன். மாமியாரு பார்த்தா பொன்னு. உள்ள வெள்ளி."

யோசித்தேன். "முலாம்னாலும் பொன்னுதான? கால்லதான கெடக்கும்?" என்றேன்.

"அப்ப மாத்திச் செய்யலாம். பொன் மெட்டிக்கு மேல வெள்ளப் பாலிஷ் போட்டுத் தாரேன். உங்க ஆளுக பார்த்தா வெள்ளி."

"ஆளுக பார்த்தா வெள்ளி. மகாலட்சுமி பார்த்தா?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அம்மா, நான் உலோகத்துக்குத்தான் பாலிஷ் போடுவேன்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஒரு சாதாரண வெள்ளி மெட்டிச் சோடியை வாங்கிக்கொண்டு எழுந்தேன். எப்படியும் ஒன்று வேண்டுமே.

இனி மூடி மறைத்துப் பலனில்லை என்று, அடுத்த விடுமுறையில் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைப்பினுக்குப் போனேன். ஃபோர்ட் கொச்சியில் படகுக்கு வரிசை. வெயில். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிப்பார்த்தேன். இப்படிச் சொன்னால் திமிர், அப்படிச் சொன்னால் குத்தல். படகு அக்கரை போய்ச் சேர்ந்தபோது என்னிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் மறுபடியும் அந்த வரிசையில் நிற்கத் தெம்பில்லை. அதனால் நடந்தேன்.

அந்த அம்மா மிஷினில் உட்கார்ந்து கல்யாணத்துக்கு யாருடைய ஜாக்கெட்டையோ தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தார். சாயா போட்டார். கப்பையும் மீன்கறியும் வைத்தார். சாப்பிடுகிற வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"சேச்சி, தப்பா எடுத்துக்கக் கூடாது. எங்க ஆளுக பொன்னக் கால்ல போடமாட்டோம். அது லட்சுமி. மெட்டி எப்பவும் வெள்ளிதான். போன்ல நான் அதச் சொல்லாம விட்டுட்டேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கோபப்படுவார், அல்லது அழுவார் என்று நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்டெ பகவதி! அப்போ ஞான் அவரோட தாலியக் கொண்டுபோய்க் காலில் வச்சோ? ஞான் அறிஞ்ஞில்லா சேச்சி, சத்தியமா அறிஞ்ஞில்லா."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பாவம் பண்ணியது தான்தான் என்று அந்த அம்மா நினைத்துவிட்டார். தாலியை உருக்கிய விஷயத்தை என்னிடம் அதுவரை சொல்லவில்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த புருஷன் படத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்தேன்.

"அது ஒண்ணும் தப்பில்ல சேச்சி. தட்டார்கிட்டக் குடுத்து மறுபடி உருக்கி, வேற எதுனாச்சும் செஞ்சுக்கலாம். ஒரு கம்மல், மூக்குத்தி..."

"ஒரு தாலிய எத்ர தடவ உருக்கும் சேச்சி?" என்று கேட்டார்.

முதல் தடவை தட்டார் முன்னால் உட்கார்ந்து அது உருகுவதைப் பார்த்திருக்கிறார். ஆலிலை சுருங்கி ஒரு சொட்டாக ஆனதாம். அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லையாம். மகளுக்குத்தானே என்று சொல்லிச் சொல்லித் தேற்றிக்கொண்டாராம். அவர் சொல்லச் சொல்ல நான் அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டுப் பொன் இல்லை, ஒரு கறுப்புக் கயிறுதான். என் கை தானாக என் தாலிக்குப் போனது. என் வீட்டுக்காரர் போன பிறகு என்னுடையதை என்ன செய்வார்கள், உண்டியலில் போடுவார்களா என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழுத்தில் கிடந்து, என் வியர்வையில் ஊறி, சுக்குத்தூள் படிந்து, பிள்ளை கடித்து விளையாடிய சாமான் ஒரே நாளில் தீட்டாகிவிடுமா?

"உருக்க வேண்டாம்" என்றேன். "தாலிக் கயித்துல கோத்துருவோம். தாலிக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நாங்க குண்டு கோப்போம்ல, அந்த மாதிரி."

இப்போது பதறியது அவர். "வேண்டா சேச்சி. ஞான் விதவையல்லே. எங்களிலும் ஆள்கள் பறயும். மோள்க்கு ஒரு தோஷம் வரண்டா."

நான் எதை நினைத்து ராத்திரியெல்லாம் புரண்டேனோ, அதையே அந்த அம்மா என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதை அவர் வாயால் கேட்டபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று கேட்டால் தெரியாது. என்மேலும்தான்.

"உங்க தாலி என்ன பாவம் பண்ணுச்சு? அந்த மனுஷன் ஆயுசு முடிஞ்சு போனதுக்கு அது என்ன பண்ணும்? ஒத்தையா நின்னு ஒரு பிள்ளைய வளத்த பொன்னு அது. அதவிட என் மகளுக்கு எந்த லட்சுமி வந்து நிக்கப்போறா? பேசாம மெட்டி வாய மூடுறதுக்குக் குறட எடுங்க சேச்சி!" என்று கத்தியேவிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

அவர் மிஷின் இழுப்பறையைத் திறந்து, கொக்கி வளைக்கிற சின்னக் குறடை எடுத்தார். மெட்டிகளின் திறந்த வாயை மெதுவாக அழுத்தி அவரே மூடினார். இரண்டும் முழு வளையமாயின. அதற்குப் பிறகுதான் அழுதார். நான் ஆறிய சாயாவைக் குடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மஞ்சள் கயிற்றில் நானே கோத்தேன். நடுவில் அவர்கள் கொடுத்தனுப்பிய தாலி, இரண்டு பக்கமும் அந்த வளையங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு. என்னை மீறி ஒரு தடவை கும்பிட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அளவுக்கு அது பெரிய பேச்சு.

கோயிலில் தாலி கட்டியானது. அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை குனிந்து வெள்ளி மெட்டியை மாட்டிவிட்டார். என் அக்கா கழுத்தை நீட்டிக் காலைப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அவள் கண் மேலே ஏறிவிட்டது.

"ஏட்டி, அது என்ன தாலிக்கு ரெண்டு பக்கமும் வளையம்? நம்ம பக்கம் இல்லாத வழக்கமா இருக்கு?"

"அது மாப்பிள்ள வீட்டு வழக்கம்க்கா" என்றேன். வாய் கூசவில்லை.

"ஓகோ, மலையாளத்துக்காரங்க வழக்கமா" என்று அக்கா ஒத்துக்கொண்டாள். அயல்வீட்டு வழக்கம் என்றால் நம் ஆட்களுக்கு ஒரு மரியாதை உண்டு.

பந்தி நடக்கும்போது நான் கால் வலி தாங்காமல் ஒரு நாற்காலியில் ஒதுங்கியிருந்தேன். பின்னால் மாப்பிள்ளையின் அத்தையோ சித்தியோ சம்பந்தியம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. தாலியோடு கிடக்கிறதே, அந்த மோதிரம் மாதிரி, அது என்ன என்று.

"அதோ? அது தமிழ்நாட்டு ஆசாரமாணு" என்றார் சம்பந்தியம்மா, நறுக்கென்று.

நான் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். சிரித்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும்.

பல மாதங்கள் போய், மழைக்காலத்தில் ஒரு நாள் அக்கா போன் செய்தாள். அவள் மகனுக்குப் பெண் முடிவாகிவிட்டது. விசேஷமெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ஏட்டி, உன் மக தாலியில ரெண்டு வளையம் கெடந்துச்சுல்லா? பார்க்க லட்சணமா இருந்துச்சு. எம் மருமகளுக்கும் போடலாம்னு நெனைக்கேன். அத எதுல செய்யணும்? தங்கமா, வெள்ளியா, இல்ல அஞ்சு உலோகமும் கலக்கணுமா? அவுகளக் கேட்டுச் சொல்லு" என்றாள்.

வேலை முடிந்து வந்து, வெந்நீரில் காலை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம். இன்னும் ஒரு உலோகப் பஞ்சாயத்தா என்று அலுப்பாக இருந்தது. வைப்பினுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "நிங்களோட ஆசாரமல்லே சேச்சி, என்னிடத்துச் சோதிக்குன்னதோ?" என்றார். உங்கள் வழக்கத்தை என்னிடமா கேட்கிறீர்கள் என்று. சிரித்து ஓய்ந்த பிறகுதான் பதில் சொன்னார்.

"பொன்னுன்னு பற" என்றார். "பக்ஷே, கடையில கிட்டுன்ன பொன்னு வேண்டா. மாமியாரோட கழுத்தில கிடந்த பொன்னு."

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அக்காவைப் பற்றி எனக்குத் தெரியும். நகையைப் பூட்டி, சாவியையும் பூட்டி வைக்கிறவள். லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"என் தாலியில ரெண்டு குண்டு கெடக்கு" என்றாள் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "அம்மா போட்டுவிட்டது. அதக் கழட்டிக் குடுத்துரட்டுமா?"

"குடுத்துரு" என்றேன்.